கீழ் டிராயரில் என்ன வாடை?

வீட்டைக் காலி செய்கிறோம் என்று சொன்ன மறுநாள் காலையிலேயே வீட்டுக்கார அம்மா மாடிக்கு வந்துவிட்டார். ஐந்து வருடத்தில் அவர் எங்கள் சமையலறைக்குள் வந்தது அது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் தண்ணீர்க் குழாய் விஷயம். இந்த முறை கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. சுவர், ஜன்னல், சிங்க் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், மேடைக்குக் கீழே மூன்று டிராயர்கள் அடுக்காக இருக்கும் மூலையில் நின்றார். கடைசி டிராயரை இழுத்தார். முந்தானை மூக்குக்குப் போனது. "தம்பி, கருவாடு வேண்டாம்னு அன்னிக்கே சொன்னேனே" என்றார்.

சொன்னார்தான். டு லெட் பலகையில் 'சைவம் மட்டும்' என்று எழுதாத வீடு அது. சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். நேரில் பேசும்போது, "மீன், கோழி எல்லாம் உங்க இஷ்டம். கருவாடு மட்டும் வேண்டாம், வாசப்படி வரைக்கும் வரும்" என்றார். நான் தலையாட்டினேன். கருவாடு விஷயத்தில் ஒரு தூத்துக்குடிக்காரன் ஆட்டும் தலைக்கு என்ன மதிப்போ அதே மதிப்புதான் அதற்கும். அவர்கள் குடும்பத்தோடு திருப்பதி போகும் நாள்களில் எங்கள் வீட்டில் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு இருக்கும். வருடத்துக்கு இரண்டு முறை, மிஞ்சிப்போனால் மூன்று முறை. மற்ற நாள்களில் அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பும் நெத்திலியும் வாளையும் மாசியும் பாட்டில்களில் அடைபட்டு அந்தக் கடைசி டிராயரின் பின்பக்கத்தில் திருப்பதிக்காகக் காத்திருக்கும்.

அதனால் அவர் மூக்கைப் பொத்தியபோது எனக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை. குனிந்து நானும் முகர்ந்து பார்த்தேன். ஆமாம், லேசாக ஒரு கவிச்சி. "மரத்துல ஏறிடுச்சு தம்பி. இனிமே போகாது. மூணு டிராயரையும் மாத்தணும்" என்று நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். அட்வான்ஸ் ஐந்து மாத வாடகை. (2017ஆம் வருடத்து வாடகைச் சட்டம் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. கூடவே, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாம் என்றும் விட்டுவைத்திருக்கிறது. எங்கள் ஒப்பந்தத்தில் வேறு மாதிரிதான் எழுதியிருந்தது.) அந்த ஐந்து மாதத்தில் ஒரு மாதம் இந்த வாடையோடு போகப் போகிறது என்று தெரிந்தது. சாவி கொடுக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. போக்கிக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எங்கள் வீட்டில் சமையல் என் பொறுப்பு. வாடையும் என் பொறுப்புதானே.

புளி, சோடா, காபித்தூள்

முதலில் என் முட்டாள்தனங்களைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் சொல்வதுபோல ஒரு கிண்ணத்தில் ஆப்ப சோடாவைக் கொட்டி டிராயருக்குள் வைத்தேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் சோடா சோடாவாகவே இருந்தது, வாடையும் வாடையாகவே இருந்தது. சரி, வினிகர் என்று, அதே சோடாவின் மேல் வினிகரை ஊற்றினேன். சுறுசுறுவென்று பொங்கியது. என் மகள் கைதட்டினாள். பொங்கி அடங்கிய பிறகு மிச்சம் இருந்தது உப்புத் தண்ணீர். இரண்டு மருந்தையும் ஒன்றோடொன்று சண்டை போட விட்டு நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். அப்புறம் காபித்தூள். அது ஒரு நாள் முழுக்க நன்றாக வேலை செய்வதுபோல இருந்தது. மறுநாள் டிராயரைத் திறந்தபோது கருவாட்டுக் காபி. காய்ந்த தூள் தீர்ந்துபோய், பில்டரில் மிஞ்சிய ஈரச் சக்கையைக் கிண்ணத்தில் போட்டு வைத்ததில் மூன்றாம் நாள் பூசணம் பூத்தது தனிக் கதை. அந்துருண்டை போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதை மட்டும் செய்யாதீர்கள். அது துணிப் பெட்டிக்கான நஞ்சு. அரிசியும் பருப்பும் அதன் வாடையை உறிஞ்சிக்கொண்டால், கருவாடே தேவலை என்று ஆகிவிடும்.

பள்ளிக்கூடத்தில் படித்த வேதியியலைக் கொஞ்சம் தூசி தட்டியிருந்தால் முதல் வாரம் மிச்சமாகியிருக்கும். கடல் மீனின் சதையில் டிரைமெத்திலமீன் ஆக்சைடு என்று ஒன்று இருக்கிறது. உப்புக் கடலில் உயிர் வாழ அது மீனுக்கு வேண்டும். அதற்கு வாடை கிடையாது. மீன் செத்த பிறகு நுண்ணுயிர்கள் அதை டிரைமெத்திலமீனாக மாற்றுகின்றன. நாம் கவிச்சி என்று சொல்வதில் பெரும்பங்கு அதுதான். ஆற்று மீனில், குளத்து மீனில் அந்தச் சரக்கு மிகக் குறைவு, அதனால்தான் அவற்றில் சேற்று வாடை தூக்கலாகத் தெரிகிறதே தவிர இந்தக் கவிச்சி இல்லை. இந்த அமீன் ஒரு காரப்பொருள். ஆப்ப சோடாவும் காரம். காரத்தைக் காரம் என்ன செய்யும்? பக்கத்து வீட்டுக்காரர்போலப் பார்த்துக்கொண்டு இருக்கும். அமிலம் பட்டால்தான் அது உப்பாக மாறி, ஆவியாகாமல் மரத்திலேயே அடங்கும், துணியால் துடைத்து எடுக்கலாம். சோடாவுக்கு வேலை இருக்கும் இடம் வேறு: புளித்த பால், கெட்ட வெண்ணெய் மாதிரி அமில வாடைகள்.

இத்தனையும் தெரிந்துகொண்டு அம்மாவுக்குப் போன் போட்டு ஒரு பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எய்யா, மீன் குழம்புக்குப் புளி எதுக்கு ஊத்துதோம்னு நெனச்ச? புளியக் கரைச்சித் தொடை" என்றாள். அவ்வளவுதான் விஷயம். மீனைக் கழுவும்போது எலுமிச்சை தேய்ப்பதும், சட்டியைக் கொதிக்க வைத்த புளித் தண்ணீரால் அலசுவதும் அதே வேதியியல்தான். வீட்டில் வினிகர் தீர்ந்திருந்தது (சோடாவில் ஊற்றிப் பொங்க வைத்தாயிற்றே), ஆகவே நெல்லிக்காய் அளவு புளியைத் திக்காகக் கரைத்து வடிகட்டி டிராயரின் உள்பக்கம் முழுக்கத் துடைத்தேன். பத்து நிமிடம் விட்டு ஈரத் துணி, உடனே காய்ந்த துணி. பலன் அன்றைக்கே தெரிந்தது. ஆனால் பின்பற்ற நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வெள்ளை வினிகரை அதே அளவு தண்ணீரில் கலந்து துடைப்பதுதான் புத்திசாலித்தனம். புளி கறை விடும், பிசுபிசுக்கும், எறும்பு வரும். எனக்கு மூன்றும் நடந்தன.

இன்னொன்று, இந்தக் காலத்து டிராயர்களில் பெரும்பாலானவை மரம் என்று சொல்லிக்கொள்ளும் மரத்தூள் பலகை. மேலே வழவழவென்று சன்மைக்கா ஒட்டியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கமும் பின் விளிம்பும் திறந்த வாயாக இருக்கும். வாடை குடியிருப்பது அங்கேதான். தண்ணீரும் அங்கேதான் ஏறும், ஏறினால் பலகை ஊறிப் புட்டுபோல உதிரும். அதனால் ஊற்றிக் கழுவுகிற வேலையே கூடாது. துடைத்துக் காய வைப்பதுதான் வழி. நான் டிராயரைச் சேனலிலிருந்து கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன். பின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுத்த எண்ணெய்த் தடம். அது கருவாடு இல்லை. எப்போதோ ஊறுகாய் பாட்டில் கசிந்து, கீழே விரித்த செய்தித்தாள் அதைக் குடித்து, ஐந்து வருடமாக யாரும் அந்தத் தாளை மாற்றாமல் சிக்கு வாடையாகிப் போன நல்லெண்ணெய். பாத்திரம் தேய்க்கும் திரவத்தை நுரைத்துத் தேய்த்தும் பாதிதான் வந்தது. மிச்சத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆசாரி ஒருவரிடம் கேட்டு வாங்கிய அரக்கு பாலிஷை இரண்டு கோட் அடித்து மூடினேன். அரக்கு ஒரு பூச்சி சுரக்கும் பிசின். அதைத் தாண்டி வாடை வெளியே வருவது கடினம். பூசிக் காய்ந்த பிறகு அந்த மூலையில் பாலிஷ் வாடை தவிர எதுவும் இல்லை.

வெயில்தான் கிடைக்கவில்லை. ஐப்பசி மாதம். மொட்டை மாடியில் டிராயர்களைப் பரப்பினால் அரை மணி நேரத்தில் தூறும், ஓடிப்போய் எடுப்பேன். மூன்று நாள் இப்படி ஓடியதில் எதிர் பிளாக்கில் எல்லோருக்கும் எங்கள் வீட்டு விவகாரம் தெரிந்துவிட்டது. தெருமுனை அயர்ன் வண்டிக்காரர் தானாகவே இரண்டு கை கரி கொடுத்தார். சாதாரணக் கரி ஓரளவுதான் உறிஞ்சும். தண்ணீர் சுத்திகரிப்பானுக்குள் இருக்கிறதே, தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, அதன் மேல் மிகுந்த சூட்டில் நீராவி பாய்ச்சித் துளைத் துளையாக்கிய கரி, அதன் சங்கதி வேறு. ஒரு கிராமுக்குள் இருக்கும் துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும். சென்னைக் கணக்கில் சொன்னால் நாலரை கிரவுண்டு. ஒரு சிட்டிகைக் கரிக்குள் இவ்வளவு மனை இருக்கும்போது நாம் ஏன் வாடகை வீட்டில் இருக்கிறோம் என்று என் மனைவியிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. பழைய பில்டரை உடைத்துப் புதிய கரி வாங்கி மாற்றிய செலவை அவள் ஏற்கனவே கூட்டி வைத்திருந்தாள்.

யாருடைய வாடை

இந்த மூன்று வாரத்தில் இரவு படுக்கும்போது மூக்கைவிட மனதுதான் அதிகம் உறுத்தியது. வீட்டுக்கார அம்மாவின் வீட்டுக்கு வாடகை கொடுக்கப் போகும்போதெல்லாம் கதவைத் திறந்ததும் பெருங்காயம் வந்து முகத்தில் அறையும். அது எனக்குப் பிடித்த வாடைதான். ஆனால் அளவு என்று பார்த்தால் எங்கள் கருவாட்டுக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. ஐரோப்பியர்கள் பெருங்காயத்துக்கு வைத்த பெயர் சாத்தானின் சாணம். கந்தகச் சேர்மங்கள் நிறைந்த, தூரத்தில் வைத்தாலே கண்ணைச் சுழற்றும் பிசின் அது. ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் காலம் காலமாகக் காசு கொடுத்து வரவழைத்திருக்கிறோம். 2020 அக்டோபரில்தான் இமாசலத்தின் லாகுல் பள்ளத்தாக்கில் குவாரிங் என்ற கிராமத்தில் முதல் நாற்றை நட்டு நாமே வளர்க்கப் பார்க்கிறோம். அந்த வாடை மரத்தில் ஏறினால் யாரும் டிராயரை மாற்றச் சொல்வதில்லை. பெருங்காய டப்பாவில் பெருங்காயம் தீர்ந்தாலும் வாசனை போகாது என்பதைப் பழம்பெருமைக்கு உவமையாக வேறு சொல்கிறோம். கருவாட்டுப் பாட்டிலுக்கு அப்படி ஒரு உவமை இல்லை.

நாற்றம் என்ற சொல்லே பழந்தமிழில் நல்ல மணத்துக்கும் சேர்த்துத்தான் இருந்தது. பூ நாறியது என்றால் மணத்தது என்று பொருள். எந்த நூற்றாண்டிலோ அந்தச் சொல் தெருவுக்குத் தள்ளப்பட்டு, வாசனை, மணம் எல்லாம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. எங்கள் ஊரில் கெட்ட வாடைகளைப் பிரித்துச் சொல்ல ஒரு வரிசையே உண்டு: கவிச்சி, வீச்சம், மொச்சை, சிக்கு, மக்கல், ஊசல், காந்தல். அம்மா ஒரு சட்டியைத் திறந்து இதில் எது என்று சொல்லிவிடுவாள். சொன்னால் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். ஊசல் என்றால் கொட்டு. மக்கல் என்றால் வெயிலில் போடு. சிக்கு என்றால் எண்ணெயைப் பார். நாங்கள் சென்னைக்கு வந்து எல்லாவற்றையும் 'ஸ்மெல்' என்ற ஒற்றைச் சொல்லில் மூட்டை கட்டிவிட்டோம்.

இதையெல்லாம் யோசித்துக் கோபப்பட்டேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், கோபத்துக்கு அடியில் இருந்தது வெட்கம். அவர் 'கருவாடு' என்று சொன்ன அந்த நொடியில் நான் ஒப்புக்கொண்டேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் டிராயர் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டேன். மகளின் தோழி ஒருத்தி தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனபோது ஊதுபத்தி ஏற்றினேன். அந்தப் பாட்டில்களைக் கூட எடுத்து, மூன்று பாலிதீன் பையில் சுற்றி, பால்கனியில் துடைப்பத்துக்குப் பின்னால் வைத்தேன். பாலிதீன் வாடையைத் தடுக்காது, கண்ணாடியும் எவர்சில்வருமே தடுக்கும், மூடியின் ரப்பர் வளையத்தைத்தான் அடிக்கடி வெந்நீரில் போட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் சுற்றினேன். பார்வையிலிருந்து மறைக்க வேண்டியிருந்தது.

டிராயர் இல்லாத பொந்து

இரண்டாவது வாரக் கடைசியில் நிலைமை இது: மூன்று டிராயர்களும் சமையலறையிலேயே இல்லை. கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே காய்கின்றன. மூக்கை அவற்றுக்குள் முழுக்க நுழைத்தாலும் கொஞ்சம் புளி, கொஞ்சம் பாலிஷ். கருவாடு பால்கனியில். ஆனால் டிராயர்கள் இருந்த அந்த வெறும் பொந்துக்குள் குனிந்தால், சாயங்காலத்தில், அதே கவிச்சி.

காலையில் இருக்காது. சாயங்காலம் ஏழு, ஏழரைக்கு வரும். மழை நாளில் கூடுதலாக வரும். இதற்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது, என்னிடம்தான் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்ததே. ஈரக் காற்றில் பழைய வாடைகள் கிளம்பும், அதனால் மழையில் கூடுகிறது. சுவர்ப் பூச்சிலேயே ஏறிவிட்டது. சாயங்காலம் சமைக்கும் சூட்டில் வெளியே வருகிறது. சுவரைப் புளித் தண்ணீரால் துடைத்தேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "என்னங்க, டிராயரையே எடுத்தாச்சு. கருவாட்டையும் எடுத்தாச்சு. அப்புறம் எங்கேர்ந்து வருது?" என்றாள். "சுவர்ல இறங்கியிருக்கு" என்றேன். இதே பதிலை வீட்டுக்கார அம்மா சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எலக்ட்ரீசியன் வந்தார். நாங்கள் வாங்கி மாட்டிய மின்விசிறிகளையும் குளியலறை ஹீட்டரையும் கழற்ற வேண்டும். ஹீட்டரைக் கழற்றிய பிறகு மகளின் குளியலுக்காக இண்டக்‌ஷன் அடுப்பில் ஒரு குண்டான் தண்ணீர் வைத்தோம். அவர் கைகழுவச் சமையலறைக்குள் வந்தார். சிங்க் வரைக்கும் போகவில்லை. நடுவில் நின்று, காற்றில் முகத்தைத் திருப்பினார், நாய் திருப்புமே, அப்படி.

"சார், எங்கயோ பாயிண்ட் காயுது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "இல்லைங்க, அது கருவாடு" என்றேன். ஐந்து வருடத்தில் நானாக வாய்விட்டு முதல் முறையாகச் சொன்ன வாக்குமூலம் அது.

"கருவாடு இல்ல சார். மெயினை ஆஃப் பண்ணுங்க முதல்ல."

டார்ச் அடித்துப் பொந்துக்குள் தலையை விட்டார். பின் சுவரில், டிராயர்கள் போட்டு மறைத்திருந்த இடத்தில், பழைய காலத்துப் பதினைந்து ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்று அப்படியே இருந்தது. மாடுலர் கிச்சன் போட்டபோது அதைக் கழற்றாமல், அதன் திருகுகளிலேயே ஒயரைச் சுற்றி, மேடை மேல் இருக்கும் புது பாயிண்டுக்கு லூப் எடுத்திருக்கிறார்கள். இண்டக்‌ஷன் அடுப்பு இரண்டாயிரம் வாட். கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர் மின்சாரம் தினமும் அந்தத் தளர்ந்த திருகு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தொடர்பு தளர்ந்தால் சூடு. வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஒரு பக்கம் காபி நிறத்தில் இருந்தது. ஒயரின் தோல் இரண்டு அங்குலத்துக்குக் கருகி மொறுமொறுத்துப் போயிருந்தது. விரலால் தொட்டார், உதிர்ந்தது.

பழைய வெள்ளை நிற சுவிட்ச், பிளக் பாகங்களில் பல யூரியா ஃபார்மால்டிஹைடு என்ற பிசினால் வார்த்தவை. அளவுக்கு மீறிச் சூடானால் அவற்றிலிருந்து அமீன் வகை ஆவிகள் கிளம்பும். மீன் கவிச்சியும் அமீன்தான் என்று முதல் வாரத்திலேயே படித்திருந்தேன், அம்மாவுக்குப் பாடம் கூட எடுத்தேன். ஆனால் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு எலக்ட்ரீசியன் வேண்டியிருந்தது. "வீட்ல மீனே இல்லாம மீன் வாடை வந்தா, எங்க தொழில்ல முதல்ல சுவிட்ச் போர்டுலதான் கை வைப்போம்" என்றார். எங்கள் சிக்கல், எங்கள் வீட்டில் மீன் இருந்ததுதான்.

சாயங்காலம் மட்டும் வந்ததற்குக் காரணம் இண்டக்‌ஷனில் இரவுச் சமையல். மழை நாளில் கூடியதற்குக் காரணம், மழை வந்தால் குடிக்கும் தண்ணீரைக் குண்டான் குண்டானாகக் காய்ச்சி வைப்போம். வீட்டுக்கார அம்மா நோட்டோடு வந்த அன்றும் மழை. அவர் படியேறும்போது தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எல்லாம் கண் முன்னால் இருந்த கணக்கு. அந்தப் பொந்துக்கு அரை அடி தள்ளி எண்ணெய் டின், அதற்கு மேலே செய்தித்தாள் விரித்த டிராயர். அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. மகள் அந்த மேடையில் சாய்ந்துகொண்டுதான் தினமும் கதை சொல்வாள்.

2005இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே வாடையை முகரக் கொடுத்து, சில முறை 'செடார் சீஸ்' என்றும் சில முறை 'உடல் வாடை' என்றும் எழுதிக் காட்டினார்கள். சீஸ் என்று எழுதியிருந்தபோது ஆட்களுக்கு அது பிடித்திருந்தது. உடல் வாடை என்றபோது பிடிக்கவில்லை. மூளைப் படத்திலும் அந்த வேறுபாடு தெரிந்தது. இதைப் பின்னால் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த எலக்ட்ரீசியனின் மூக்கு என் மூக்கைவிடக் கூர்மையானது என்று நான் நம்பவில்லை. அவரிடம் யாரும் கருவாடு என்று சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான். சொல்லிவிட்டு முகரச் சொல்லியிருந்தால் அவரும் சிங்குக்குப் போய்க் கைகழுவிக்கொண்டு கிளம்பியிருப்பாரோ என்று சில நேரம் தோன்றும். இன்னொரு பக்கம், வேறு ஊரிலிருந்து, வேறு சாப்பாட்டோடு ஒரு குடும்பம் அந்த வீட்டில் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே "என்ன இது, சம்பந்தமே இல்லாமல் மீன் வாடை?" என்று யாரோ ஒருவர் கேட்டிருப்பார்கள். எங்களுக்குச் சம்பந்தம் இருந்ததால் கேட்கவில்லை.

சாவி

கருகிய பாயிண்டைக் கீழே எடுத்துப்போய் வீட்டுக்கார அம்மாவிடம் காட்டினேன். பேச வேண்டிய வசனங்களை எல்லாம் படியிறங்கும்போதே தயார் செய்திருந்தேன். அவர் அதைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, மூக்கருகில் கொண்டுபோனார். அவர் முகம் மாறியது. "எத்தனை நாளா தம்பி?" என்றார். அந்தக் கேள்வியில் இருந்த பயம் உண்மையானது. நான் தயாரித்து வைத்த வசனம் ஒன்றும் வெளியே வரவில்லை. மறுநாளே ஆள் வைத்து அந்த லைன் முழுவதையும் புது ஒயரால் மாற்றினார். கீழ் வீட்டிலும் இதேபோல மறைந்த பாயிண்ட் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இருந்தது. மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதிர்பார்த்தேன்.

நீங்கள் வாடை போக்கும் வழி தேடி இங்கே வந்திருந்தால், நான் இப்போது செய்யும் ஒரே மாற்றத்தைச் சொல்கிறேன். முன்பெல்லாம் வாடை வந்தால் எதைத் தேய்ப்பது என்று யோசிப்பேன். இப்போது ஒரு நாள் எதுவும் செய்யாமல், எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று மட்டும் பார்க்கிறேன். உணவு வாடை நாள் முழுக்க ஒரே மாதிரி கிடக்கும், திறந்ததும் பளிச்சென்று வந்து மெதுவாகத் தணியும். ஏதாவது ஓடும்போது மட்டும் வந்து, ஓடாதபோது போகிற வாடை எந்த டப்பாவிலிருந்தும் வருவதில்லை. புதிய வீட்டில் குடியேறிய அன்று முதல் வேலையாக எல்லா டிராயரையும் சேனலிலிருந்து கழற்றிப் பின் சுவரை டார்ச் அடித்துப் பார்த்தேன். புதிய வீட்டுக்காரர் என்னைக் கொஞ்சம் விநோதமாகத்தான் பார்த்தார்.

சாவி கொடுத்த நாள். வீட்டுக்கார அம்மா மறுபடி அதே நோட்டோடு வந்தார். சுவர், ஜன்னல், சிங்க். பெயின்ட்டுக்கு வழக்கமான பிடித்தம், அதில் பேச்சு இல்லை. மூலையில் வந்து நின்று, குனிந்து, கடைசி டிராயரை இழுத்தார். இந்த முறை முந்தானை மூக்குக்குப் போகவில்லை. நன்றாகவே முகர்ந்தார். ஒரு முறை, இரண்டு முறை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பால்கனிப் பாட்டில்கள் அப்போது கீழே டெம்போவில், என் மனைவியின் மடியில் இருந்தன.

"என்ன தம்பி இது, புளி வாடை அடிக்குது?" என்றார்.

"புளி கொட்டிடுச்சும்மா" என்றேன்.

"அதனாலென்ன, புளிதானே" என்று டிராயரை மூடினார்.